தம்பி, கொஞ்சம் நில்லு

சிட்லபாக்கத்தில் ஹில்டாவின் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் அநேகமாக இல்லை. குரோம்பேட்டை ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் பேசுவது அவள்தான். கிழக்குத் தாம்பரத்து மருத்துவமனை ஒன்றில் அடுத்த டோக்கனை அறைக்குள் கூப்பிடுவதும் அவள்தான். காலையில் குப்பை வண்டி தெருவுக்குள் நுழையும்போது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் அவள் குரல்தான். "நான் பல் விளக்கி முடிக்கிறதுக்குள்ள நீ ரெண்டு தெரு சுத்திட்டு வந்துடற" என்பார் அவள் கணவர் வில்பிரட்.

அவள் முதலில் தமிழ் டீச்சராக இருந்தவள். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அவள் தொகுத்துப் பேசியதைக் கேட்ட ஒரு மாணவியின் அப்பா, தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவளை ஒருநாள் வரச் சொன்னார். அப்படித் தொடங்கியது. பிறகு பள்ளிக்கூடத்தை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசையில் பைபிளின் முதல் வாசகம் வாசிப்பதை மட்டும் விடவில்லை. அவள் வாசித்தால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கேஷவ் அந்த வேலையைக் கொண்டுவந்தான். சிறுசேரிப் பக்கம் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருப்பவன். தெற்கே கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பெரிய நாடு, படகில் கள்ளத்தனமாக வருகிறவர்களைத் தடுப்பதற்காகத் தமிழில் ஒரு விளம்பரம் செய்கிறது என்றான். இலங்கையில் இருப்பவர்களும் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருப்பவர்களும் போனில் பார்ப்பார்களாம். அவன் கொடுத்த வாசகத்தை ஹில்டா ஒருமுறை படித்தாள். 'சட்டவிரோதமான கடல்வழிப் பயணத்தை மேற்கொள்ளும் எந்தவொரு நபரும் ஒருபோதும் குடியமர்த்தப்பட மாட்டார்' என்று இருந்தது.

"கேஷவ், இதைக் கேட்டு ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். கோர்ட்ல படிக்கிற மாதிரி இருக்கு."

"நீங்களே மாத்துங்க மேடம். அர்த்தம் மாறாம இருந்தாப் போதும்."

அவள் மாற்றினாள். அந்த வாரம்தான் எங்கோ ஒரு படகு கவிழ்ந்து, கரையில் வரிசையாகத் துணி போர்த்திக் கிடத்தியிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். அந்தத் துணிகளில் சில மிகச் சின்னதாக இருந்தன. அதை நினைத்துக்கொண்டே எழுதினாள். 'தம்பி, கொஞ்சம் நில்லு. படகுல இடம் இருக்குன்னு சொல்றான். கரை இருக்குன்னு சொன்னானா? அந்த நாடு உன்னை உள்ளே விடாது. போறதுன்னா உன் உயிரை மட்டும் எடுத்துட்டுப் போ. உன் பிள்ளையைத் தண்ணி மேல உட்கார வைக்காதே.'

மைக்குக்கு முன்னால் கடைசி வரி வந்தபோது அவளுக்குத் தொண்டை அடைத்தது. அடைத்த குரலிலேயே சொல்லி முடித்தாள். ஒரே தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேஷவ் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டு, "படகு குறைஞ்சிருச்சாம் மேடம், க்ளையன்ட் ரொம்ப ஹேப்பி" என்றான். ஹில்டா அதை வீட்டில் சொன்னாள். வில்பிரட் சந்தோஷப்பட்டார். மகள் அபிகாயில் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண். எதையும் சும்மா விடமாட்டாள்.

"படகு குறைஞ்சுதுன்னா அதுல வர இருந்த ஆளுங்க எங்க போனாங்க?"

"வீட்டுல பத்திரமா இருப்பாங்க."

"வீடு இருந்தா எதுக்கும்மா படகு ஏறப் போறாங்க?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஓயாத வழக்காகிவிட்டது. செய்தியில் எந்த நாடு எல்லையை இறுக்கினாலும், யாரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினாலும் அம்மாவும் மகளும் ஆரம்பித்துவிடுவார்கள். வில்பிரட் ரிமோட்டை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் போட்டுவிடுவார்.

ஜீவிதாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். செம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தாள். சேலையூரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. அவள் கணவன் ஜெரோம் பெயின்டர். கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பாடுகிறவன். அவன் ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் படகில் வந்தவன். ஜீவிதா இங்கேயே முகாமில் பிறந்தவள். இருவருக்கும் கும்மிடிப்பூண்டி முகாமில் கல்யாணம். அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வந்து குடியேறினார்கள். ஒரு பெண் குழந்தை. கோயிலில் எல்லோரும் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. ஹில்டாவும் அப்படித்தான் சொல்வாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜெரோம் பாட வரவில்லை. கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஜீவிதா சொன்னாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஹில்டாவும் கேட்கவில்லை.

போன செப்டம்பரில், குடிபெயர்ந்தோருக்காகவும் அகதிகளுக்காகவும் திருச்சபை ஜெபிக்கிற ஞாயிறு வந்தது. பங்குப் பேரவைச் செயலாளர் ஜாய்சன் துடிப்பான ஆள். வெறும் ஜெபத்தோடு விடாமல், பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு பட்டிமன்றம் வைத்தான். நடுவரும் அவனேதான். அடைக்கலம் தேடி வருகிறவர்களைத் தடுக்க அரசுகள் காட்டும் கடுமை பலன் தருமா, தராதா என்பது தலைப்பு. பலன் தரும் என்று பேச ஹில்டா. தராது என்று பேச அபிகாயில். அம்மாவும் மகளும் மோதுகிறார்கள் என்றதும் மண்டபம் நிறைந்துவிட்டது.

அபி முதலில் பேசினாள். "ஒரு வழியை அடைச்சா ஏஜென்ட் அடுத்த வழியை விக்கிறான். அது இன்னும் நீளம், இன்னும் ஆபத்து. எங்க அம்மா கட்சி சொல்லும், படகு குறைஞ்சுதுன்னு. யாரோட கரையில குறைஞ்சுது? நடுக்கடல்ல முழுகினதை யார் எண்ணினா? நம்ம ஊர்லயே பாருங்க. நாப்பது வருஷமா முகாம் இருக்கு. அங்க பிறந்த பிள்ளைக்கு இந்த நாடும் சொந்தமில்ல, அந்த நாடும் சொந்தமில்ல. புதுசா வந்த குடியுரிமைச் சட்டத்துலயும் அவங்களுக்கு இடமில்ல. இப்படிக் கட்டிப்போட்டுட்டு, அப்புறம் ஏன் கடல்ல குதிக்கிறேன்னு கேட்டா எப்படி?"

கைதட்டினார்கள். ஹில்டா எழுந்து மைக்கைச் சரிசெய்தாள். அவளுக்கு அது அவசரமில்லாத வேலை. மண்டபம் தானாக அடங்கட்டும் என்று நின்றாள். அடங்கியது.

"என் பொண்ணு சட்டம் படிக்கிறா. நல்லாத்தான் பேசினா. ஆனா செத்தவனுக்கு எந்தச் சட்டமும் உதவாது. ஏஜென்ட் விக்கிறது படகை இல்லீங்க. அந்த நாட்டோட கதவை விக்கிறான். கதவு திறக்கவே திறக்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா, அவன்கிட்ட விக்கிறதுக்கு என்ன இருக்கு? கடுமைங்கறோம். ரோட்டுல ஓடற பிள்ளையை இழுத்து ஒரு அடி வைக்கிறோமே, அது கடுமையா, பாசமா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு முன்னால் அத்தனை முகங்களும் அசையாமல் இருந்தன. அந்த அமைதி அவளை இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளியது. குரலைத் தாழ்த்தினாள்.

"ஏறப் போறவனை ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்தி நான் சொல்லுவேன். தம்பி, கொஞ்சம் நில்லு. படகுல இடம் இருக்குன்னு சொல்றான். கரை இருக்குன்னு சொன்னானா? போறதுன்னா உன் உயிரை மட்டும் எடுத்துட்டுப் போ. உன் பிள்ளையைத் தண்ணி மேல உட்கார வைக்காதே."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜாய்சன் யோசிக்கவே இல்லை. கடுமை பலன் தரும் என்று தீர்ப்புச் சொல்லி, ஹில்டாவுக்கு ஒரு சால்வை போர்த்தினான்.

வெளியே படிக்கட்டில் வில்பிரட் ஸ்கூட்டர் சாவியோடு நின்றிருந்தார். அபி பக்கத்தில், தோற்றதைச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். அப்போது பாடகர் குழுப் பெண்களை விட்டு விலகி ஜீவிதா வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லு ஜீவிதா."

"போன்ல ஒரு விளம்பரம் வரும். நீங்க கடைசியாச் சொன்னது அப்படியே அதுல வரும். குரலும் அதேதான். அது நீங்களா அக்கா?"

ஹில்டாவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கேரளா இல்லை. ஜெரோம் கேரளாவில் வேலை பார்க்கவில்லை, படகு ஏறியிருக்கிறான். இத்தனை நாளும் அவள் முன்னால் பாடகர் குழுவில் காலியாக இருந்த இடம் எதற்காகக் காலியாக இருந்தது என்று, ஒருமுறைகூட யோசிக்காதது இப்போது மொத்தமாக வந்து நின்றது.

"இல்லம்மா" என்றாள். "நானும் எங்கயோ கேட்டதுதான். நல்லா இருந்துச்சேன்னு பேச்சுல சேர்த்துக்கிட்டேன். என் குரல் மாதிரி நிறையப் பேருக்கு இருக்கும்."

வில்பிரட் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அபியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓம், அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஜீவிதா. பதற்றமாக இருக்கும்போது அவளுக்கு அவள் அம்மாவின் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "தப்பா நினைக்காதீங்க அக்கா. மன்னிச்சுக்கோங்க."

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். சால்வை ஹில்டாவின் தோளிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அபி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "ஜெயிச்சுட்டியேம்மா. அப்புறம் எதுக்குப் பொய்?"

"பதறிட்டேன்டி."

"பதறினா உண்மைதான் வாயில வரும். நீ யோசிச்சுச் சொன்னே. 'நல்லா இருந்துச்சே'ன்னு உன்னை நீயே வேற புகழ்ந்துக்கிட்டே."

"அபி, போதும்" என்றார் வில்பிரட். ஆனால் அவரும் அன்று ஹில்டாவிடம் வேறெதுவும் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் உப்பு வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டார் என்பது அவளை உறுத்தியது.

மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது ஹில்டா ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினாலும் கேட்டது. எவ்வளவு அன்பாகப் பேசுகிறது அந்தக் குரல் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அன்பாகப் பேசுவது அவளுக்குக் கைவந்த தொழில். சேலைக்கும் அன்பு, குப்பைக்கும் அன்பு, திரும்பிப் போ என்று சொல்வதற்கும் அதே அன்பு.

அடுத்த ஞாயிறு வாசகம் வாசிக்க முடியாது, தொண்டை கட்டியிருக்கிறது என்று ஜாய்சனுக்குச் சொல்லி அனுப்பினாள். அதற்கும் அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்குள் அவளுக்குத் தொண்டை சரியில்லை என்ற செய்தி பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. ஜீவிதா நின்றிருந்தாள், கிளினிக் சீருடையோடு, கையில் ஒரு பொட்டலம்.

"தொண்டை சரியில்லைன்னாங்க அக்கா. பனங்கற்கண்டு. மிளகோட சேர்த்து வாயில அடக்கிக்கோங்க."

ஹில்டா அதை வாங்கிக்கொண்டாள். தொண்டையில் ஒன்றுமே இல்லாதவள், கட்டிய தொண்டைக்காரி மாதிரி மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. உட்காரச் சொன்னாள். காபி கொடுத்தாள். பிறகு, இரண்டு வருடமாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"ஜெரோம் எங்க இருக்கார் ஜீவிதா?"

ஜீவிதா டம்ளரைக் கீழே வைத்தாள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள் மாதிரி அவளுக்கு வார்த்தை உடனே வந்தது.

"ஒரு தீவுல அக்கா. விளம்பரத்துல சொல்ற அந்தப் பெரிய நாட்டுக்காரங்க வாடகைக்கு எடுத்து வச்சிருக்கிற தீவு. வெளியே விட மாட்டாங்க. மூணு பேரும் போறதாத்தான் இருந்தோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல ஏதாவது ஒண்ணுன்னா 'எந்த நாடு'ன்னு கேக்கறாங்க. அவருக்கு அது தாங்கல. எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கணுமான்னார். கேரளாவுல இருந்து மீன்பிடிப் படகு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, வேலை செய்யற இடத்துல சாப்பிட்டுட்டுப் போன் பார்த்துட்டு இருந்திருக்கார். அப்போ அந்த விளம்பரம் வந்திருக்கு. வீட்டுக்கு வந்து எனக்கும் போட்டுக் காட்டினார். அப்புறம் பேசவே இல்ல. ஒரு நாள் காலையில, நான் மட்டும் போறேன், நீயும் பிள்ளையும் வேணாம்னுட்டார்."

ஹில்டாவின் கையில் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவரை அது தடுக்கலையா?"

"அவரைத் தடுக்கல அக்கா. எங்களைத் தடுத்துச்சு."

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிய பிறகு ஜீவிதா தொடர்ந்தாள்.

"படகு நடுவுல பழுதாகி நின்னுடுச்சாம். தண்ணி இல்லாம ஒரு குழந்தை செத்துப் போச்சாம். என் பிள்ளையா இருந்திருக்கலாம். அப்புறம் அவங்க கப்பல் வந்து எல்லாரையும் அந்தத் தீவுல கொண்டுபோய் விட்டுச்சு. குழந்தையோட வந்தவங்களை வைத்தியத்துக்குன்னு பெரிய நாட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போயிட்டாங்க. தனி ஆம்பளைங்களை மட்டும் அங்கயே வச்சிருக்காங்க. அந்தக் குரலுக்கு நான் நன்றி சொல்றதா, சாபம் விடறதான்னு எனக்கே தெரியல. யோசிச்சு யோசிச்சு அலுத்துப் போச்சு. இப்போ ரொம்ப நாளா அவர்கிட்ட இருந்து போனும் இல்ல."

அதுதான் சமயம். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஹில்டா வாயைத் திறந்தாள். "இன்னும் கொஞ்சம் காபி?" என்றாள்.

ஜீவிதா போன பிறகு அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். அபி கல்லூரியிலிருந்து வந்து விளக்கைப் போட்டபோது, ஹில்டா மேசை மேலிருந்த பொட்டலத்தைக் காட்டினாள். "இதை அவ எனக்குக் கொண்டுவந்தா" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அபி பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வழக்காடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹில்டா ஆட்டோ பிடித்துச் செம்பாக்கம் போனாள். வழக்கமாக ஏரிக்கரை முனையில் நிற்கும் மாரியின் ஆட்டோ. அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

"இன்னா மேடம், உடம்பு சொகமில்லியா? மூஞ்சே சரியில்லியே. நம்ம ஏரியா குப்பை வண்டில பேசறது நீங்கதானாமே? அபி பாப்பா சொல்லுச்சு. எம்மாம் நாளா கேட்டுகினு கீறேன், தெரியாமப் பூட்ச்சே."

"நான்தான், மாரி" என்றாள். அந்த இரண்டு வார்த்தை இங்கே எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜீவிதாவின் போர்ஷன் ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை. குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தது. ஜீவிதா அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். ஹில்டா உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயந்தாள்.

"ஜீவிதா, அன்னைக்கு நீ கேட்டியே. அது என் குரல்தான். நான் பொய் சொன்னேன்."

ஜீவிதா கரண்டியை வைத்தாள். "தெரியும் அக்கா. படியில கேட்டப்பவே தெரியும். உங்க வாயால கேக்கலாமேன்னுதான் கேட்டேன்."

"அது மட்டும் இல்ல. பிள்ளையைத் தண்ணி மேல உட்கார வைக்காதேன்னு வருமே, அது அவங்க எழுதிக் கொடுத்தது இல்ல. நான் சேர்த்தது."

இது ஜீவிதாவுக்குத் தெரியாது. ஹில்டா அதை அவள் முகத்தில் பார்த்தாள். ஜீவிதா திரும்பி அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று ஹில்டா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஆனால் ஜீவிதா திரும்பியபோது அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. வேறு ஏதோ ஒன்று, அவசரமாக.

"அப்போ அந்த நாட்டு ஆளுங்களை உங்களுக்குத் தெரியும்தானே? நீங்க கேட்டாச் சொல்லுவாங்கதானே? அவர் எப்படி இருக்கார்னு மட்டும் கேளுங்களேன். வேற ஒண்ணும் வேணாம்."

ஹில்டாவுக்கு எந்த ஆளையும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கேஷவ் ஒருவனை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஜீவிதாவின் எதிரிலேயே அவனைக் கூப்பிட்டாள். ஜீவிதாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம்! உங்களைத்தான் நினைச்சேன்" என்றான் கேஷவ்.

விஷயத்தைச் சொன்னாள். ஒரு மனிதர், தீவில் இருக்கிறார், பெயர் ஜெரோம், யாரிடமாவது விசாரிக்க முடியுமா என்று.

"ஐயோ மேடம், நாம எங்கயோ கடைசில இருக்கோம். எங்களுக்குக் கொடுத்தது பாம்பேல ஒரு ஏஜென்சி. அவங்களுக்குக் கொடுத்தது சிங்கப்பூர்ல ஒருத்தர். கவர்மென்ட் ஆளை நான் பார்த்ததே இல்ல." பிறகு, அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, "ஆனா அந்த விளம்பரத்துக்கு இன்னமும் செம ஃபீட்பேக் மேடம். அந்தக் கடைசி லைன் இருக்கே, அதை அப்படியே மத்த பாஷையிலயும் போட்டுட்டாங்களாம். உங்க லைன் மேடம்!" என்றான்.

ஹில்டா போனை அணைக்கத் தடுமாறினாள். விரல் சரியான இடத்தில் படவில்லை. அவன் இன்னும் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தான். ஜீவிதாதான் கையை நீட்டி அதை அணைத்தாள்.

"பரவாயில்ல" என்றாள். "பிள்ளை வர்ற நேரமாச்சு."

போகச் சொல்கிறாள் என்று புரிந்து ஹில்டா வெளியே வந்தாள்.

மீதியை அபிதான் செய்தாள். தன் பேராசிரியர் ஒருவர் மூலமாக அந்த நாட்டில் அகதிகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீல்கள் சிலரைப் பிடித்தாள். பதில் வர மாதங்கள் ஆயின. ஹில்டா ஒவ்வொரு நாளும் "வந்துச்சா?" என்று கேட்பாள். ஒருநாள் வந்தது. ஜெரோம் உயிரோடு இருக்கிறான். இடையில் சாப்பிட மாட்டேன் என்று சிலரோடு சேர்ந்து மறுத்ததில் உடம்பு கெட்டு, போனும் பறிபோயிருந்தது. ஒரு வக்கீல் அம்மாள் ஏற்பாடு செய்து ஜீவிதாவிடம் அவனைப் பேச வைத்தாள்.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்பதை ஜீவிதா அபியிடம் சொன்னாள். அபி வீட்டில் வந்து சொன்னாள். அவனுக்கு முன்னால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். இலங்கைக்குத் திரும்பிப் போகிறேன் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டால், வேறு ஏதாவது ஒரு நாடு எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே காத்திருக்கலாம். இலங்கை என்றால் ஒன்பது வயதில் விட்டுவந்த மன்னார். அங்கே அவனுக்கு யாருமில்லை. தாம்பரத்துக்குத் திரும்பி வர அவனுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லை. வா என்று சொல்லவும் முடியாமல், அங்கேயே இரு என்று சொல்லவும் முடியாமல் ஜீவிதா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"யார் ஜெயிச்சது அபி?" என்று கேட்டார் வில்பிரட். கிண்டலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரியலப்பா" என்றாள் அபி. "ஜீவிதாவோட குழந்தை உயிரோட இருக்கா. அதை என்னால இல்லேன்னு சொல்ல முடியல. ஆனா அவர் போகத்தான் போனார்."

கோயிலில் ஜீவிதா ஹில்டாவைப் பார்த்தால் நின்று பேசுவாள். தொண்டை சரியாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டாள். ஆனால் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மேடம் என்றும் சொல்வதில்லை. எந்த முறை வைத்தும் கூப்பிடாமல் பேசினாள். அபியிடம் மட்டும் பழையபடி சிரித்துப் பேசுவாள். ஹில்டா அதைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். ஏன் என்று கேட்க அவளுக்கு உரிமையில்லை என்று தெரியும்.

ஜாய்சனிடம் மட்டும் அவள் சொன்னாள். போர்த்திய சால்வையை மடித்துக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவன் சங்கடப்பட்டு, "நீங்க பேசினது தப்பு இல்லையே, நல்ல எண்ணத்துலதானே பேசினீங்க" என்றான்.

"நல்ல எண்ணத்துலதான் பேசினேன் ஜாய்சன். ஆனா அந்த மண்டபத்துல யாருக்கு அது நடந்திருக்கும்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கல. கைதட்டுக்காக இழுத்துட்டேன்."

அவன் சால்வையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டான்.

மே மாதம் கேஷவ் மறுபடியும் கூப்பிட்டான். அடுத்த விளம்பரம். இந்தத் தடவை பெண்களுக்கு. கணவனைப் போகவிடாமல் நிறுத்து என்று மனைவிகளிடம் பேச வேண்டும். அதே குரல்தான் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

"என்னால முடியாது கேஷவ்."

"ஏன் மேடம், உயிரைக் காப்பாத்தற வேலைதானே? நீங்களே சொல்வீங்களே."

அது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "வேற யாரையாவது பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் வருத்தப்பட்டான், பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு மாலை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்காக அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் சத்தமாக வைத்து ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் விளம்பரம் குறுக்கிட்டது. 'அக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க. வாழ்க்கை தேடிப் போறேன்னு அவர் சொல்வார்...' புதுக் குரல். சின்ன வயதுப் பெண். பக்கத்து இருக்கைப் பெண் விளம்பரத்தைத் தள்ளிவிட்டு மறுபடியும் வெங்காயம் வதக்குவதைப் பார்க்கப் போனாள்.

எங்கேயாவது ஒரு முகாமில், ஒரு மனைவி அதைத் தள்ளிவிடாமல் கேட்டிருப்பாள். ஹில்டாவுக்கு அது தோன்றியது. ஆனால் முதலில் தோன்றியது அது இல்லை. 'வாழ்க்கை' என்பதில் அந்த விளம்பரப் பெண்ணுக்கு ழகரம் வரவில்லை, மூச்சைத் தப்பான இடத்தில் விடுகிறாள், நான் பேசியிருந்தால் பக்கத்து இருக்கைக்காரி தள்ளிவிட்டிருக்க மாட்டாள் என்பதுதான் முதலில் தோன்றியது.

அவள் முகம் சூடேறியது. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாருக்கும் புரிந்திருக்காது. அவள் ஏற வேண்டிய, கடற்கரை ஸ்டேஷன் போகும் வண்டி வந்து நின்றது. ஏறியவர்கள் ஏறினார்கள். ஹில்டா எழுந்திருக்கவில்லை, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, அது கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.